சாயாத கண்டக்டர்

ஊசிக்குளத்துக்கு ஒரே ஒரு ரோடு, அந்த ரோட்டுக்கு ஒரு வளைவு கிடையாது. மேற்கே மைதீன் பாயின் டயர் கடையில் தொடங்கி, பள்ளிக்கூடம், டீக்கடை, பஞ்சாயத்து ஆபீஸ், கோயில், பள்ளிவாசல், வீடுகள் என்று எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போய்க் கிழக்கே ரெங்கசாமியின் பஞ்சு மில் குடோனில் முட்டி நிற்கும். மில்லுக்குப் பின்னால் உப்பளம், உப்பளத்துக்குப் பின்னால் கடல், கடலுக்குப் பின்னால் என்ன என்று ஊசிக்குளத்துக்காரர்கள் அதுவரை கவலைப்பட்டதில்லை. அந்த ரோட்டில்தான், ஆடி மாதத்துக் காலை ஒன்றில், மினிபஸ் கண்டக்டர் நம்பிராசன் பஸ்ஸை விட்டு இறங்காமலே பஸ்ஸை விட்டுப் போனார்.

நம்பிராசனுக்கு ஒரு வைராக்கியம் உண்டு. ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டர் கம்பியைப் பிடிக்கக் கூடாது. கம்பி பயணிக்கு, கண்டக்டருக்குக் கால் போதும். ஒரு கையில் டிக்கெட் புத்தகம், மறு கை தோல்பையில், காதில் பென்சில், வாயில் விசில், இடுப்பை எந்த சீட்டிலும் கொடுக்காமல் நடுவண்டியில் நிற்பார்; டிரைவர் தாவீது பிரேக்கை மிதித்தால் கூடை, குடம், கோழி, கைக்குழந்தை, கைக்குழந்தையைப் பெற்றவள், அவளுக்குப் பின்னால் நிற்கிற சம்பந்தமே இல்லாத ஆள் என்று வண்டியில் உள்ள அத்தனையும் முன்னால் சாயும், நம்பிராசன் மட்டும் நட்டு வைத்த கல்லாக நிற்பார். "பிடிச்சுக்கிடுங்க, பிடிச்சுக்கிடுங்க" என்று ஊருக்கே சொல்லுவார், தான் பிடிக்க மாட்டார். புதுசாக ஏறினவர்கள் வாயைப் பிளப்பார்கள். அவருக்கும் அது கொஞ்சம் தலைக்கு ஏறித்தான் போயிருந்தது.

அவர் சம்சாரம் செண்பகவல்லி அந்த ஊர் மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் டீச்சர். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேள்வி கேட்பது அவள் வழக்கம். போர்வையை உதறினா தூசி மட்டும் போவுதே, போர்வை ஏன் போவல? மாங்கொப்பை உலுக்கினா காய் ஏன் விழுது? பாசி பிடிச்ச படியில நல்லா நடக்கிறவனும் ஏன் விழுதான்? கேட்ச் பிடிக்கிறவன் கையை ஏன் பின்னால இழுக்கான்? ஓடுற பஸ்ஸுல பிரேக் போட்டா எல்லாரும் ஏன் முன்னால சாயுதாங்க? இந்தக் கடைசிக் கேள்விக்கு வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் "நிலைமம், டீச்சர்" என்று கத்தும், கத்தி முடித்த கையோடு யாராவது ஒருத்தி எழுந்து, "அப்போ சார் மட்டும் ஏன் சாயல?" என்பாள். வருஷா வருஷம் ஒருத்தி இதைக் கேட்காமல் விட்டதில்லை. செண்பகவல்லியும், அவர் காலை அகட்டி வைக்கிறார், பிரேக் விழப்போவது பழக்கத்தில் தெரிந்து முன்கூட்டியே பின்னால் சாய்ந்துகொள்கிறார் என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்குவாள். விளக்கிவிட்டுக் கையைத் தட்டும்போது, அதெல்லாம் சரிதான், ஆனால் இந்த மனுசன் ஏன் சாய மாட்டேங்கிறார் என்பது தனக்கே தெரியாது என்று நினைத்துக்கொள்வாள்.

வீட்டிலும் அப்படித்தான். அவள் சட்னி அரைத்துத் தூக்கில் வைத்த கையோடு அவர் முதல் டிரிப்புக்குப் போய்விடுவார்; அவர் கடைசி டிரிப் முடிந்து வரும்போது அவள் விடைத்தாளின் மேலேயே தூங்கிப்போயிருப்பாள். இடையில் நடந்த பேச்செல்லாம் சாப்பாடு மேசையில, குழாய்ல தண்ணி வருது, கேஸ் தீர்ந்துட்டு என்பதோடு சரி. ஒரே மகள் கோமதியைக் கட்டிக்கொடுத்த பிறகு, அவள் புருசனோடு ஓசூருக்குப் புறப்பட்டபோது ஏறியதும் இதே பஸ்தான். வழியனுப்பப் போன செண்பகவல்லி கண்ணால் பார்த்தாள்: பெற்ற மகளுக்கு டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டு, "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத" என்றார் மனுசன். குரல் இம்மி பிசகவில்லை. பஸ் போன பிறகு அவள் ரோட்டிலேயே நின்று அழுதாள், அதன் பிறகு அவரிடம் தண்ணி வருது என்று சொல்வதைக்கூடக் குறைத்துக்கொண்டாள்.

சரி, அந்த ஆடி மாதத்துக் காலைக்கு வருவோம். பஞ்சாயத்து ஆபீஸ் பக்கம் ஒரு வெள்ளாட்டுக் குட்டி குறுக்கே பாய்ந்தது. தாவீது பிரேக்கை மிதித்தார். பஸ் நின்றது, பயணிகள் சாய்ந்தார்கள், குடங்கள் உருண்டன, நம்பிராசன் சாயவில்லை. நின்ற வாக்கிலேயே முன்னால் போனார். எஞ்சின் பெட்டியைத் தாண்டி, தாவீதின் காதோரமாகப் போய், முன்கண்ணாடியில் படவும், கண்ணாடி ஒரு கீறல் விழாமல் ரப்பரோடு கழன்று வேப்பமரத்தில் போய்ச் சாய்ந்துகொண்டது. அவர் வெளியே வந்து, செருப்பு தரையைத் தொட்டும் தொடாமலும், அவசரமாகச் சைக்கிள் மிதிக்கிறவன் வேகத்தில், ஒரு கையில் டிக்கெட் புத்தகமும் மறு கையில் கிழித்த டிக்கெட்டுமாகக் கிழக்கே போனார். இத்தனை வருஷம் சாயாமல் சேர்த்து வைத்த சாய்வெல்லாம் ஒட்டுமொத்தமாக வந்து கேட்டிருக்கிறது என்று ஊர் அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. அதற்கு மேல் காரணம் தேட யாருக்கும் தோன்றவில்லை. வண்டிக்குள்ளிருந்து கூடைக்காரப் பெண்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அண்ணாச்சி, என் டிக்கெட்டு!"

"திரும்பி வரும்போது தாரேன்" என்றார் நம்பிராசன், திரும்பிப் பார்க்காமலே. சொன்னபடி தந்தார். ரோட்டின் கோடியில் மில் குடோன் திறந்து கிடந்தது, உள்ளே கூரை வரை பஞ்சுப் பொதி. அதில் போய் அமுங்கி, பஞ்சு உப்பித் தள்ளியதும் அதே வேகத்தில் மேற்கே திரும்பினார், கூடைக்காரி கையில் டிக்கெட்டைத் திணித்தார், நேரே போய் மைதீன் பாய் கடையில் அடுக்கியிருந்த லாரி டயர்களில் மோதி மறுபடி கிழக்கே வந்தார். வீட்டு வாசலில் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டு நின்ற செண்பகவல்லி, புருசன் பஸ் இல்லாமல் போவதைப் பார்த்தாள். அவர்கள் வீடு மில்லுக்கு முந்திய கடைசி வீடு.

"என்னங்க, எங்க போறீங்க?"

"தெரியல செம்பகம்" என்று சொல்லிக்கொண்டே குடோனுக்குள் போனார்.

நிறுத்தப் பார்க்காமல் இல்லை. தாவீது விசில் ஊதிப் பார்த்தார். ரெண்டு சைக்கிளும் ஒரு மாட்டு வண்டியும் நின்றன, நம்பிராசன் போனார். கபடி டீமைக் கூட்டி வந்தார்கள். பிடியென்றால் உடும்புப் பிடி பிடிக்கிற பையன்கள், இடுப்பைப் பிடித்தான் ஒருவன், காலைப் பிடித்தான் ஒருவன், அவனைப் பிடித்தான் இன்னொருவன், எல்லோரையும் அள்ளிக்கொண்டு அவர் பாட்டுக்குப் போனார். முட்டி தேய்ந்ததுதான் மிச்சம். நிறைபஸ்ஸின் பாரம் அத்தனையும் அந்த ஒற்றை உடம்பில் ஓடுகிறது என்று செண்பகவல்லிக்கு அப்போதே புரிந்துவிட்டது. தாவீது விடவில்லை. பஸ்ஸை அவர் பக்கத்தில் அதே வேகத்தில் ஓட்டி, "ஏறுங்க அண்ணாச்சி" என்றார். அவரும் வீட்டுப் படி ஏறுகிற மாதிரி சாதாரணமாக ஏறினார். ரெண்டு பேருக்கும் ஒரே சந்தோசம், ஒரு பாட்டுக்கூடப் போட்டார்கள். மில் வாசல் வந்ததும் தாவீது பிரேக் போட வேண்டியதாயிற்று, அண்ணாச்சி முன்கண்ணாடி இல்லாத இடத்தின் வழியாக வெளியே போய்விட்டார்.

பிறகு ஊர் பழகிக்கொண்டது. பழகிக்கொள்வதில் ஊசிக்குளத்தை அடிக்க ஆள் கிடையாது. பிரசிடெண்ட் பேச்சியம்மாள் ஒரே கூட்டத்தில் தீர்மானம் போட்டு, ரோட்டு நடுவில் வெள்ளைப் பெயிண்டால் ரெண்டு கோடு இழுத்து, உள்ளே யாரும் சைக்கிள் நிறுத்தக் கூடாது, வத்தல் காயப்போடக் கூடாது என்று தண்டோரா போட்டாள். மார்கழியில் பெண்கள் ரோட்டை அடைத்துக் கோலம் போட்டாலும் அந்தப் பட்டையை மட்டும் விட்டுவிட்டு இரு பக்கமும் பாதிப் பாதியாகத் தாமரை போட்டார்கள். கோயில் சப்பரம் அவருக்கு வழிவிட்டு நின்றது, பள்ளிவாசல் சந்தனக்கூடும் நின்றது, எமன் கூப்பிட்டுப் போகிறவர்களும் பாடையோடு ஓரமாக நின்று அவர் தாண்டியதும் போனார்கள். ஒரு ஏட்டு வந்து, போகும்போதும் நடுரோடு, வரும்போதும் நடுரோடு, இடது பக்கம் போவதே கிடையாது, இது சட்டப்படி தப்பு என்றார்; நம்பிராசன் அவரைத் தாண்டித் தாண்டிப் போய் மூன்று தவணையில் மன்னிப்புக் கேட்டதும் ஏட்டு மனசு இளகி, மற்ற வண்டிகள்தான் தப்பான பக்கம் போகின்றன என்று எழுதிக்கொண்டு போனார். மினிபஸ் முதலாளி அவர் வேலைக்கு வந்ததாகவே கணக்கில் வைத்தார். வண்டி இல்லாமலே ஓடுகிறாரே, டீசல் மிச்சம்தானே.

மேற்கே இருக்கிறவர்கள் கிழக்கே இருக்கிறவர்களுக்குச் சோற்றுத் தூக்கை அவர் கையில் கொடுத்து விட்டார்கள். கிழக்கே இருக்கிறவர்கள் வெறும் தூக்கைத் திருப்பி விட்டார்கள். பால், தினசரிப் பேப்பர், மாத்திரை, கல்யாணப் பத்திரிகை, கடன் கேட்டு வந்த முருங்கைக்காய், இன்னாருக்கும் இன்னாருக்கும் சண்டை என்ற சேதி எல்லாம் அவரோடு போயின, அவரோடு வந்தன. டீக்கடை ஐயம்பெருமாள் டம்ளரைப் போகும்போது நீட்டுவார், வரும்போது வாங்குவார். அவருடைய மற்ற காரியங்களைப் பற்றி ஊர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரு மரியாதை இருக்கிறதல்லவா. தூக்கம் நின்ற நிலையில்தான். இருட்டினால் இடுப்பில் ஒரு மாட்டுமணி கட்டிவிட்டார்கள். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலோரம் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்து அவரை வைத்தே வேகமும் உந்தமும் போட்டார்கள், அந்த வருஷம் அரையாண்டில் அந்தப் பாடத்தில் ஒருத்தரும் ஃபெயிலாகவில்லை. தலைமையாசிரியர் டீச்சரைப் பாராட்டிப் பேசினார். செண்பகவல்லிக்கு அந்தப் பாராட்டைக் கேட்கக் கேட்க எரிச்சலாக வந்தது.

ஏனென்றால் அவர் மெலிந்துகொண்டே வந்தார். ஓட்டத்தில் ஊட்டுகிற இட்லி எத்தனை நாளைக்கு உடம்பில் ஒட்டும்? சட்டை தோளில் தொங்கியது, கன்னம் உள்ளே போயிற்று. ஆனால் இன்னொன்றும் நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். கல்யாணம் ஆகி இத்தனை காலத்தில் அவர்கள் இவ்வளவு பேசியதே கிடையாது. சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் அவள் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்காருவாள். கிழக்கே போகும்போது அவர் ஒன்று சொல்வார். குடோனில் பட்டுத் திரும்பி வரும்போது அவள் பதில் சொல்வாள். டயர் கடையைத் தொட்டு வருமுன் இருவருக்கும் யோசிக்க நேரம் இருந்தது. யோசித்துப் பேசுவது ரெண்டு பேருக்குமே புதுசு.

"தேங்காச் சட்னி எனக்குப் பிடிக்காது செம்பகம்."

"இத்தனை வருசமா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? தினம் அரைச்சேனே!"

"நீ மிக்ஸியில அரைக்கும்போது பாடுவியே. அதுக்காகத்தான்."

 அடுத்த முறை அவர் வந்தபோது, அவள் நெஞ்சில் கிடந்ததை எடுத்துப் போட்டுவிட்டாள்.

"ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு ஏன் நம்ம பிள்ளைக்கு டிக்கெட் கிழிச்சீங்க? நாலு பேர் பாக்க, யாரோ எவரோ மாதிரி?"

நம்பிராசன் கிழக்கே போனார். திரும்பி வந்து, "மழை வரும்போல இருக்கு" என்றார். ஒரு மேகம் கிடையாது. நாள்கணக்கில் அவள் அதையே கேட்டாள், அவரும் மழை, வெயில், தாவீது மகனுக்குப் பொண்ணு பாக்காங்க என்று ஏதேதோ சொல்லிக்கொண்டு தாண்டிப் போனார். பொங்கல் கழிந்த ஒரு சாயங்காலம்தான், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "அன்னைக்குக் கையில டிக்கெட் புக்கு மட்டும் இல்லாம இருந்தா..." என்று தொடங்கினார். அதற்குள் வீடு தாண்டிவிட்டது. மீதி திரும்பி வரும்போது வரும் என்று செண்பகவல்லி எழுந்து நின்றாள். திரும்பி வந்தது அவர் மட்டுமல்ல. கூடவே மில்லுக்கார ரெங்கசாமி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"டீச்சர், ஒரு விசயம். மில்லைக் கொடுத்துட்டேன். அட்வான்ஸும் வாங்கியாச்சு. லாரி வந்து பொதியை ஏத்திரும், அப்புறம் முன் சுவரு, பின் சுவரு எல்லாத்தையும் இடிக்காங்க."

"இடிச்சா?"

ரெங்கசாமி தலையைச் சொறிந்தார். "அண்ணாச்சிக்காக வேணும்னா ஒரு பொதியை விட்டுட்டுப் போறேன்."

ஒரு பொதி எந்த மூலைக்கு? அதையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு உப்பளத்தைக் கடந்து கடலுக்குள் போய்விடுவார். மறித்துத் திருப்பி அனுப்ப அங்கே ஒன்றும் கிடையாது. செண்பகவல்லி வாசல் நாற்காலியை அப்படியே விட்டுவிட்டுப் புறப்பட்டாள். நேரே பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய், "பிரசிடெண்டக்கா, ஊரைக் கூட்டுங்க" என்றாள்.

ஊர் கூடியது. கூடி, முதலில் தன் கஷ்டத்தைச் சொன்னது. அண்ணாச்சி நின்றுபோனால் டீ டம்ளர் எப்படித் திரும்பி வரும் என்று ஐயம்பெருமாள் கேட்டார். சோற்றுத் தூக்கை யார் கொண்டு போவது என்றார்கள் பெண்கள். தீர்மானம் போட்டு, பெயிண்டும் அடித்த பிறகு நிறுத்தினால் மேலே என்ன பதில் எழுதுவது என்று பேச்சியம்மாளே யோசித்தாள். செண்பகவல்லிக்கு வந்த கோபத்தில் சாக்பீஸ் கையில் இருந்திருந்தால் எறிந்திருப்பாள். அடக்கிக்கொண்டு, வெள்ளிக்கிழமைக் குரலில் கேட்டாள்.

"கேட்ச் பிடிக்கிறவன் கையை ஏன் பின்னால இழுக்கான்?"

ஊரில் பாதிப் பேர் அவளிடம் படித்தவர்கள். பழக்க தோஷம், கை தூக்கினார்கள். கபடி டீம் கேப்டன் எழுந்து நின்று, "வெடுக்குன்னு நிறுத்தினா கை போயிரும் டீச்சர். கூடவே கொஞ்சம் போனா, மெதுவா நிக்கும்" என்றான்.

"உக்காரு. அன்னைக்கு நீங்க வெடுக்குன்னு நிறுத்தப் பாத்தீங்க, அவர் உங்களையும் இழுத்துட்டுப் போனார். இப்ப யாரும் பிடிக்க வேண்டாம். ரோட்டுல ரெண்டு பக்கமும் எல்லாரும் நில்லுங்க. அவர் வரும்போது நெஞ்சுல ஒரு கை வைங்க. தள்ளாதீங்க. கூடவே பின்னால ஒரு எட்டு போங்க, விட்டுருங்க. அடுத்த ஆள் வைப்பார். ஆளுக்குக் கொஞ்சம் போதும், டீச்சருக்காக."

"ஒரு கைதானே?" என்றார் ஐயம்பெருமாள்.

"ஒரு கைதான்."

ஒரு கைதானே என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். லாரிகள் வந்து பொதி ஏற்றத் தொடங்கிய அன்று காலை, வேலைக்குப் போகாமல், அடுப்பு பற்ற வைக்காமல், ஊர் மொத்தமும் வெள்ளைக் கோட்டின் இரு பக்கமும் நின்றது. மிச்சம் இருந்த பொதிகளில் பட்டு நம்பிராசன் மேற்கே வந்தார். அங்கேதான் ஊசிக்குளத்து ஜனம் தன் குணத்தைக் காட்டியது. இத்தனை காலம் பஸ்ஸில் இறங்க வேண்டும் என்றால் இவர்கள் என்ன செய்வார்கள்? கண்டக்டர் முதுகில் தட்டி, "அண்ணாச்சி, எறக்கம்" என்பார்கள். கை தன்னால் முதுகுக்குப் போயிற்று. தைரியமா இருங்க என்று தட்டினவர்கள் பாதி, எறக்கம் என்றே தட்டினவர்கள் பாதி. ஆளுக்குக் கொஞ்சமாகத்தான் தட்டினார்கள். ஊர் முழுக்கத் தட்டியதில் அவர் வேகம் ஏறி, காக்கிச் சட்டை படபடக்க டயர் கடைக்குள் போய் விழுந்தார்.

"முதுகுல இல்ல, நெஞ்சுல! நெஞ்சுல!" என்று செண்பகவல்லி கத்தினாள். கத்திக்கொண்டே திரும்பினால், கடைசி லாரி புறப்பட்டுப் போகிறது. குடோன் காலி. இடிக்க வந்தவர்கள் அவசரக்காரர்கள், பின் சுவர் ஏற்கெனவே கீழே கிடந்தது. அந்த வழியாக உப்பளமும் அதற்கு அந்தப் பக்கம் கடலும் பளபளவென்று தெரிந்தன. டயர் கடையில் நம்பிராசன் திரும்பிவிட்டார்.

இந்தத் தடவை யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மைதீன் பாய் முதல் கையை வைத்தார், உடம்பு ஒரு குலுக்குக் குலுக்கியது, ஒரு எட்டு பின்னால் போய்க் கையை விட்டார். அவர் விட்டதும் அவர் மகன் வைத்தான். தலைமையாசிரியர் வைத்தார், பதினொன்றாம் வகுப்பு மொத்தமும் ஒவ்வொருவராக வைத்தது, ஐயம்பெருமாள் பழக்கத்தில் வெறும் டம்ளரை நீட்டி, நாக்கைக் கடித்துக்கொண்டு, டம்ளரைக் கீழே போட்டுவிட்டுக் கையை வைத்தார். பேச்சியம்மாள் வளையல் குலுங்க வைத்தாள், பூசாரி விபூதிக் கையோடு வைத்தார், கபடி டீம் பிடிக்க மறந்து பூப்போல வைத்தது, பிள்ளை வைத்திருந்தவள் பிள்ளையின் கையை எடுத்து வைத்தாள், கூடைக்காரி கூடையை இறக்கிவிட்டு வைத்தாள், தாவீது வைத்து, ஒரு எட்டுக்குப் பதிலாக ஏழெட்டு எட்டு கூடவே போய், "அண்ணாச்சி, அந்த ஆட்டுக்குட்டி மட்டும் வராம இருந்திருந்தா" என்று விசும்பிவிட்டுத்தான் விட்டார். சைக்கிள் வேகம் ஓட்ட வேகமாயிற்று, ஓட்ட வேகம் நடை வேகமாயிற்று. நம்பிராசன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். சட்டையின் நெஞ்சுப் பக்கம் முழுக்க விபூதியும் மஞ்சளும் கிரீஸும் சாக்பீஸும்.

வீடுகள் முடிந்தன. கைகள் முடிந்தன. நடை வேகம் இன்னும் மிச்சம் இருந்தது, கடலுக்குப் போக அது தாராளமாகப் போதும். கடைசி வீட்டு வாசலில், வெள்ளைக் கோட்டுக்குள், செண்பகவல்லி ஒருத்திதான் நின்றாள்.

அவர் நெஞ்சில் கையை வைத்தாள். உள்ளே அது அடித்துக்கொள்வது உள்ளங்கையில் தெரிந்தது. நிறுத்திவிட வேண்டும் என்று கை துடித்தது. துடித்த கையைத் திட்டி, முழங்கையை மடக்கி, அவர் வர வரத் தான் பின்னால் நடந்தாள். ஒரு எட்டோடு விடவில்லை. வாசலைத் தாண்டி, காலிக் குடோனுக்குள், பஞ்சுத் தூசிக்கு நடுவே, இடிந்த சுவரின் செங்கல்மேல் புடவை தடுக்க, விழாமல், உப்பளத்துக்குள் பின்னாலேயே நடந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் கடல் சத்தம் கேட்டது. பார்த்தது அவர் முகத்தை மட்டும்தான்.

"அன்னைக்கு டிக்கெட் புக்கு மட்டும் இல்லாம இருந்தா?" என்றாள். "சொல்லுங்க. இப்ப நான் கூடவே வாரேன்."

நம்பிராசன் வாயிலிருந்து விசிலை எடுத்தார்.

"கை சும்மா இருந்திருந்தா பிள்ளையைப் பிடிச்சிருப்பேன், செம்பகம். பிடிச்சிருந்தா விட்டிருக்க மாட்டேன். அதான் எதையாவது கிழிப்போம்னு கிழிச்சேன்."

அவர் செருப்பு தரையில் பட்டது. உப்பு நொறுங்கியது. ஒரு எட்டு, அரை எட்டு, பிறகு அவள் கைக்கு எதிராக ஒன்றும் வரவில்லை. நின்றுவிட்டார். 

நின்ற பிறகுதான் அது நடந்தது, பிரேக் போட்ட பஸ்ஸில் எல்லோருக்கும் நடப்பதுதான். நம்பிராசனுடைய தலை லேசாக முன்னால் வந்தது, தோள் வந்தது, தோல்பை வந்தது, முழு ஆளும் முன்னால் சாய்ந்தார். சாய்ந்தவருக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அந்தக் கைகளுக்கு அது பழக்கமில்லை, காற்றில் தடவின.

"விழுந்துருவேன்போல இருக்கே" என்றார், அவள் தோளில் வாய் புதைந்த குரலில்.

செண்பகவல்லி ஒரு காலைப் பின்னால் ஊன்றிக்கொண்டாள்.

"பிடிச்சுக்கிடுங்க" என்றாள்.

பிடித்துக்கொண்டார்.